ஐந்து மைந்தரும் ஒரு காவியமும்



ஷேக்ஸ்பியரின் நாடகங்களுள் அதிகம் மேடையேறாதவற்றுள் ஒன்று 'ஜோன் மன்னன்'. அதனைப் படித்தவர்களுக்குக்கூட அதில் வரும் பெம்புரோக் பிரபுவின் முகம் நினைவில் நிற்பதில்லை. கோட்டை மதிலின் கீழே இறந்து கிடக்கும் சிறுவன் ஆதரைக் கண்டு கொதித்தெழுந்து, தம் அரசனைக் கைவிட்டுப் பிரெஞ்சு இளவரசனோடு சேர்ந்துகொள்ளும் பிரபுக்களுள் அவரும் ஒருவர். பின்னர், அந்த இளவரசன் காரியம் முடிந்ததும் தங்கள் தலைகளையே கொய்துவிட எண்ணியிருக்கிறான் என்பது தெரியவந்ததும், போன வழியே திரும்பிவருகிறார். நாடகத்தில் அவருக்கு உள்ள பங்கு அவ்வளவே.

அந்தப் பிரபுவின் பெயர் வில்லியம் மார்ஷல். மெய்யான வில்லியம் மார்ஷல் அப்படி எந்தக் கட்சியும் தாவவில்லை. நாட்டின் பாதி பிரெஞ்சு இளவரசன் பக்கம் போன நாளிலும் ஜோனின் பக்கத்தில் நின்ற மிகச் சில பிரபுக்களுள் அவர் முதல்வர். கட்சி மாறியவர் அவருடைய மூத்த மகன். அவருக்கும் வில்லியம் மார்ஷல் என்றே பெயர். நாடகத் தேவையினாலோ பெயர் மயக்கத்தினாலோ, மகனின் பழி தந்தையின் தலையில் விழுந்துவிட்டது. உலகத்தின் தலைசிறந்த நாடகாசிரியர் ஒருவர் ஒரு மனிதரைப் பற்றித் தவறாக எழுதிவிட்டால், அதனைத் திருத்துவதற்கு அந்த மனிதருக்கு என்ன வழி இருக்கிறது?

மார்ஷலுக்கு ஒரு வழி இருந்தது. அவரைப் பற்றி 19,214 அடிகள் கொண்ட ஒரு காவியம் இருந்தது. ஆனால் அது ஷேக்ஸ்பியர் காலத்தில் எவர் கண்ணிலும் படாமல் ஏதோ ஓர் அலுமாரியில் உறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காவியத்தின் கதையும், அதன் நாயகனுடைய குலத்தின் கதையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை. அவற்றைச் சேர்த்துச் சொல்வதே இன்றைய என் நோக்கம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'மார்ஷல்' என்ற சொல்லைக் கேட்டதும் மார்பு நிறையப் பதக்கங்கள் அணிந்த படைத்தலைவர்களே நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் பழைய ஜெர்மானிய மொழிகளில் அதன் மூலச் சொல்லுக்குப் பொருள் குதிரைப் பணியாள் என்பதுதான். அரண்மனைக் குதிரைகளைக் கவனிப்பவனுக்கு வழங்கிய பெயர் அது. வில்லியத்தின் பாட்டனார் கில்பர்ட், முதலாம் ஹென்றி மன்னனின் அரண்மனையில் இப்பதவியை வகித்தார். பதவி மகன் ஜோனுக்கு வந்தது. தொழிற்பெயர் மெல்ல மெல்லக் குடும்பப் பெயராயிற்று. ஆகவே, இது தொல்குடிப் பெருமை பேசக்கூடிய வம்சமன்று. குதிரை லாயத்தின் வாசலிலிருந்து புறப்பட்ட வம்சம்.

தந்தை ஜோன் மார்ஷல் கரடுமுரடான மனிதர். ஸ்டீவன் மன்னனுக்கும் மட்டில்டா அரசிக்குமிடையே முடியுரிமைப் போர் நடந்த காலம் அது. இருபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக நீடித்த அந்தப் போரில் யார் யார் பக்கம் என்பது பருவத்துக்குப் பருவம் மாறிக்கொண்டிருந்தது. மட்டில்டாவின் பக்கம் நின்ற ஜோன், 1141இல் ஒரு கன்னியர் மடத்தின் தேவாலயத்துக்குள் சிக்கிக்கொண்டார். எதிரிகள் தீ வைத்தார்கள். கூரையிலிருந்து உருகி வழிந்த ஈயம் ஒரு கண்ணைக் குடித்துவிட்டது. மனிதர் சரணடையவில்லை. பகைவராயிருந்த சோல்ஸ்பரி பிரபு பற்றிக்குடன் சமாதானம் தேவைப்பட்டபோது, தம் முதல் மனைவியை விலக்கிவிட்டு அவருடைய சகோதரி சிபிலை மணந்துகொண்டார். அந்த மணத்தில் பிறந்த இரண்டாவது மகனே நம் வில்லியம். பிறந்தது 1147 அளவில். முதல் தாரத்துப் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணினால் நான்காவது மகன். நிலம் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு இடமே இல்லை.

இனி வருவது, காவியத்தைப் படித்தவர் எவரும் மறக்கமுடியாத காட்சி. 1152ஆம் ஆண்டு. நியூபரி என்ற இடத்தில் ஜோனின் கோட்டையை ஸ்டீவன் முற்றுகையிட்டிருக்கிறான். சில நாள் அவகாசம் கேட்கிறார் ஜோன். அதற்குப் பிணையாகத் தம் மகன் வில்லியத்தைக் கொடுக்கிறார். பிள்ளைக்கு வயது ஐந்து இருக்கலாம். கிடைத்த அவகாசத்தில் கோட்டையை ஒப்படைக்க ஆயத்தம் செய்வதற்குப் பதிலாக உணவும் ஆட்களும் உள்ளே சேர்த்துவிடுகிறார். வாக்கு முறிந்தது. பிள்ளையைத் தூக்கிலிடப்போவதாக மன்னன் சொல்லி அனுப்புகிறான். அதற்குத் தந்தை அனுப்பிய மறுமொழி என்ன தெரியுமா? இவனைவிட நல்ல பிள்ளைகளை வார்த்தெடுக்கச் சம்மட்டியும் பட்டடைக்கல்லும் இன்னும் தம்மிடம் உள்ளன என்பதே அதன் பொருள்.

ஸ்டீவனின் இளகிய மனத்தை நன்கறிந்துதான் ஜோன் இப்படிச் சூதாடினார் என்று அவருக்காக வாதாடுவோர் உண்டு. இருக்கலாம். ஆனாலும் சூதில் வைத்தது தம் தலையையன்று.

பிள்ளையைத் தூக்குமரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். வழியில் ஒரு பிரபுவின் கையிலிருந்த ஈட்டியைக் கண்ட சிறுவன், அதைத் தனக்குத் தரும்படி கேட்கிறான். மன்னனின் மனம் கரைகிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாசறைக்குத் திரும்புகிறான். பிறகு, கல்லெறி பொறியில் வைத்துக் கோட்டைக்குள் வீசலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். பொறியின் கவணைக் கண்ட சிறுவன் அதனை ஊஞ்சல் என்று நினைத்து, தான் ஆடவேண்டும் என்கிறான். மீண்டும் மன்னனால் முடியவில்லை. பின்னர் ஒருநாள், பூவும் புல்லும் பரப்பிய கூடாரத்தில் மன்னனும் சிறுவனும் எதிரெதிரே அமர்ந்து விளையாடுகிறார்கள். நீண்ட காம்புள்ள ஒரு காட்டுப் பூண்டின் தலையை மற்றவரின் பூண்டால் அடித்து வீழ்த்தும் விளையாட்டு. அந்தப் பூண்டுகளுக்குச் சிறுவர் வைத்திருந்த பெயர் குதிரைவீரர். அவ்வேளை தாய் அனுப்பிய வேலையாள் ஒருவன், பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று ஒளிந்து நின்று எட்டிப்பார்க்கிறான். பிள்ளையோ அவனைக் கண்ட மகிழ்ச்சியில் பெயர் சொல்லி உரத்துக் கூப்பிட்டுவிடுகிறான். வந்தவன் தலைதெறிக்க ஓட்டம் பிடிக்கிறான்.

இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கவிஞனின் கைவண்ணம் என்று பிரித்தெடுப்பது கடினம். ஆனால் எழுபதைத் தாண்டிய ஒரு கிழவர், தம் பரிவாரத்தார் சூழ்ந்திருக்க, சிரித்துக்கொண்டே சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை இது என்பது மட்டும் வரிக்கு வரி தெரிகிறது. அச்சிரிப்பின் அடியில், தந்தை தன்னைக் கைகழுவிய செய்தி கிடக்கிறது.

சமாதானம் வந்தபின் பிள்ளை வீடு திரும்பினான். பதின்பருவத்தில் நோர்மண்டியிலிருந்த உறவினர் டாங்கர்வில் பிரபுவிடம் போர்ப்பயிற்சிக்கு அனுப்பப்பட்டான். 1166 அளவில் 'நைற்' எனும் வீரப்பட்டம். தொடர்ந்து முதற்போர். வீரமாகப் போரிட்டான், குதிரையைப் பறிகொடுத்தான். அன்றிரவு விருந்தில் மண்டவில் என்ற பிரபு, தனக்கு ஒரு குதிரைப் பட்டையாவது பரிசாகத் தரும்படி வில்லியத்தைக் கேட்டார். தன்னிடம் எங்கே இருக்கிறது என்று இவன் விழிக்க, இன்று மட்டும் நாற்பதோ அறுபதோ உன் கைக்கு எட்டினவே என்றார் அவர். சபை சிரித்தது. வென்றவனை வெறுங்கையோடு விட்டுவிட்டு வருபவன் பிழைக்கமாட்டான் என்ற பாடம் அன்று ஏறியது. மறுநாள்களில் அங்கியை விற்று ஒரு நோஞ்சான் குதிரை வாங்கவேண்டி வந்தபோது அது இன்னும் ஆழமாக ஏறியிருக்கும்.

அக்காலப் போட்டிப் போர்களைத் திரைப்படங்களில் காட்டுவதுபோல் இரு வீரர் ஈட்டியோடு மோதும் காட்சியாக நினைத்துவிடக் கூடாது. இரு ஊர்களுக்கிடைப்பட்ட வயலும் வெளியும் முழுவதும் களம். நூற்றுக்கணக்கானோர் இரு கட்சியாக மோதுவார்கள். பிடிபட்டவன் குதிரையையும் கவசத்தையும் இழந்து, மீட்புப்பணமும் கொடுக்கவேண்டும். வில்லியத்துக்கு இது விளையாட்டன்று, சீவனோபாயம். இன்னொரு வீரனோடு கூட்டுச் சேர்ந்து பத்து மாத காலத்துக்குள் 103 பேரைப் பிடித்ததாகக் காவியம் கணக்குச் சொல்கிறது. அக்கணக்கை எழுதி வைத்தவர் அரண்மனைச் சமையற்கட்டுக் கணக்கப்பிள்ளை என்பதையும் அது மறக்காமல் சொல்கிறது! ஒரு போட்டி முடிந்ததும் சிறந்த வீரனுக்குரிய பரிசைக் கொடுக்க மார்ஷலைத் தேடினால் ஆளைக் காணோம். கொல்லன் பட்டறையில், பட்டடைக்கல்லின்மேல் தலையை வைத்துக் குனிந்திருக்கிறார். அடிபட்டு நசுங்கிய தலைக்கவசம் கழற்ற வரவில்லை, கொல்லன் தட்டிக்கொண்டிருக்கிறான். தந்தை சொன்ன சம்மட்டியும் பட்டடையும் இப்படி வந்து சேர்ந்தன என்று நான் வேடிக்கையாக நினைப்பதுண்டு. கவிஞன் அதைக் கருதினானோ தெரியாது.

1168இல் தாய்மாமன் பற்றிக், கவசம் அணியாதிருந்த வேளையில் முதுகில் குத்தப்பட்டு வில்லியத்தின் கண்முன்னே மாண்டார். பழிவாங்கப் பாய்ந்த இளைஞன் வேலியொன்றில் முதுகைச் சாய்த்துத் தனியே போரிட்டு, தொடையில் காயப்பட்டுச் சிறைப்பட்டான். மீட்புப்பணம் கொடுத்து விடுவித்தவர் இரண்டாம் ஹென்றியின் பட்டத்தரசி எலினோர். அங்கிருந்து அரச குடும்பத்தின் உறவு தொடங்கியது. தந்தை உயிரோடிருக்கும்போதே முடிசூட்டப்பட்ட இளைய ஹென்றிக்குப் போராசானாக அமர்ந்தார். அவன் 1183இல் நோயில் இறந்தபோது, அவன் நேர்ந்துகொண்ட சிலுவை யாத்திரையை அவனுக்காகத் தாம் நிறைவேற்றப் புனித பூமிக்குப் போனார். அங்கே கழித்த காலத்தைப் பற்றிக் காவியம் ஏறக்குறைய வாய் திறப்பதில்லை.

திரும்பிவந்து மூத்த ஹென்றியிடம் சேர்ந்தார். 1189இல் தந்தையை எதிர்த்துக் கிளம்பிய இளவரசன் றிச்சார்ட், ஓடும் தந்தையைத் துரத்தி வந்தான். பின்னணியில் நின்று மறித்த மார்ஷல், கவசமற்றிருந்த இளவரசனைக் குத்தாமல் அவன் குதிரையைக் குத்திக் கொன்றார். சில வாரங்களில் ஹென்றி இறக்க, அதே றிச்சார்ட் மன்னனானான். மார்ஷலின் கதை முடிந்தது என்றே பலரும் எண்ணியிருப்பார்கள். ஆனால் றிச்சார்ட் அவருக்கு ஒரு மனைவியைக் கொடுத்தான்.

கொடுத்தான் என்ற சொல்லைத் தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன். பெரும் நிலங்களுக்கு வாரிசான தந்தையற்ற பெண்ணை விரும்பியவனுக்கு மணம்முடித்துக் கொடுப்பது மன்னனின் உரிமை. மணமகள் இசபெல் டி கிளேயர். 'ஸ்ட்ரோங்போ' எனப்பட்ட றிச்சார்ட் டி கிளேயர் பிரபுவுக்கும் அயர்லாந்தின் லெயின்ஸ்டர் மன்னன் மகள் ஈஃபாவுக்கும் பிறந்தவர். அவருக்கு வயது பதினேழு அளவில், இவருக்கு நாற்பதுக்கு மேல். வேல்ஸ் எல்லையில் செப்ஸ்டோ கோட்டை, அயர்லாந்தில் லெயின்ஸ்டர், பின்னர் 1199இல் பெம்புரோக் பிரபுப் பட்டம் எல்லாம் அந்தப் பெண்ணின் வழியாக வந்தவை. செப்ஸ்டோவில் மார்ஷல் காலத்து மரக்கதவுகள் இன்னும் இருக்கின்றன. மரத்தின் வளையங்களைக் கொண்டு காலம் கணித்தவர்கள் அவை 1190க்கு முன் செய்யப்பட்டவை என்கிறார்கள்.

மார்ஷலிடம் எனக்குப் பிடித்த குணங்களுள் ஒன்று, இந்த உண்மையை அவர் மறைக்காதது. 1207இல் ஜோன் மன்னன் அவரை அயர்லாந்திலிருந்து அழைத்தபோது, வஞ்சனை இருப்பதை உணர்ந்தும் புறப்பட்டார். புறப்படுமுன் தம் வீரர்களைக் கூட்டி, கருவுற்றிருந்த இசபெல்லை முன்னிறுத்தி, இது இவருடைய தந்தை வென்ற நிலம், நீங்கள் இவருக்கே உரியவர்கள், எனக்கு இங்கே உள்ளதெல்லாம் இவரால் வந்தது என்று பொருள்படப் பேசியதாகக் காவியம் கூறும்.

ஜோன் மன்னனுக்கும் அவருக்கும் ஏன் பகை மூண்டது? 1204இல் ஜோன் நோர்மண்டியைப் பிரெஞ்சு மன்னன் பிலிப்பிடம் இழந்தான். அங்கே மார்ஷலுக்கும் நிலம் இருந்தது. அதைக் காப்பாற்றிக்கொள்ள மறுவருடம் பிலிப்புக்கும் விசுவாசப் பிரமாணம் செய்துகொடுத்தார். கடலுக்கு இப்பால் ஜோனின் ஆள், அப்பால் பிலிப்பின் ஆள். பிலிப்புக்கு எதிராகப் படையெடுக்க ஜோன் கூப்பிட்டபோது போக மறுத்தார். மன்னன் அனுமதித்துத்தான் பிரமாணம் செய்தார் என்று காவியம் நீளமாக வாதாடுகிறது. வாதத்தின் நீளமே நமக்குச் சந்தேகத்தைத் தருகிறது. விசுவாசத்தின் இலக்கணம் என்று புகழப்பட்டவரின் விசுவாசத்துக்கும் ஒரு பணப்பை இருந்தது என்பதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை.

விளைவு என்ன? ஜோன் பிணை கேட்டான். மூத்த மகன் வில்லியத்தைக் கொடுத்தார். பின் இரண்டாம் மகன் றிச்சார்டையும் கேட்டான். தாய்க்கு அதில் விருப்பமில்லை. எனினும் கொடுத்தார். நியூபரியில் தூக்குமரம்வரை போய் வந்த அந்த ஐந்து வயதுப் பிள்ளை, இப்போது தன் பிள்ளைகளைத் தானே ஒரு மன்னனின் கையில் கொடுக்கிறது. அதுவும் ஸ்டீவனைப் போல் பூண்டு விளையாடும் மன்னனன்று. ஆதரைக் கொன்றவன் என்று ஊர் முணுமுணுத்த மன்னன். அதே காலத்தில் பிறௌஸ் பிரபுவின் மனைவி மட்டில்டா, ஆதருக்கு நேர்ந்ததைச் சுட்டிக்காட்டித் தன் மக்களைக் கொடுக்க மறுத்தாள். 1210இல் அவளும் அவளுடைய மூத்த மகனும் ஜோனின் சிறையில் பட்டினியால் மாண்டார்கள். மார்ஷலின் மக்கள் உயிரோடு திரும்பினர். ஆனால் அத்தனை ஆண்டு பிணையிருந்த மூத்தவன், பின்னாளில் மன்னனுக்கு எதிராகக் கிளம்பியதில் வியப்பென்ன?

1215 ஜூன் 15. மக்னா காட்டா. சாசனத்தின் முகவுரையில் மன்னனுக்கு ஆலோசனை கூறியவர்களாகக் குறிக்கப்படும் பிரபுக்களுள் முதற்பெயர் தந்தை வில்லியம் மார்ஷலுடையது. மன்னனைக் கட்டுப்படுத்தக் கிளர்ச்சியாளர் தெரிவுசெய்த இருபத்தைவருள் ஒருவர் மகன் வில்லியம் மார்ஷல். எக்கட்சி வென்றாலும் குடும்பம் பிழைக்கட்டும் என்ற ஏற்பாடோ இது என்று ஐயுறும் வரலாற்றாசிரியர் உளர். காவியம் என்ன சொல்கிறது? மக்னா காட்டாவைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை! அந்தக் காலத்தை ஒரே தாண்டலில் தாண்டிவிடுகிறது. காரணம் எளிது. காவியத்துக்குச் செலவு செய்தவர் அதே மகன்தான்.

1216 அக்டோபரில் ஜோன் இறந்தான். வாரிசு ஒன்பது வயது ஹென்றி. இலண்டன் பிரெஞ்சு இளவரசன் லூயியின் கையில். கருவூலத்தில் காசில்லை. குளொஸ்ரர் நகரில் அவசரமாக முடிசூட்டினார்கள். சிறுவனுக்கு நைற் பட்டம் அளித்தவர் மார்ஷல். அரசப் பாதுகாவலராகும்படி அவரை வேண்டினார்கள். எழுபதை எட்டிய கிழவர் ஒரு நாள் தயங்கினார். பின்னர், எல்லாரும் கைவிட்டாலும் இந்தப் பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு தீவு தீவாக, நாடு நாடாகத் திரிவேன், பிச்சை எடுக்க நேர்ந்தாலும் விடேன் என்று தம் நெருங்கிய ஊழியர், ஏர்லி ஊர் ஜோனிடம் கண்ணீரோடு கூறியதாகக் காவியம் சொல்கிறது. (இக்கதையில் ஜோன்களுக்குக் குறைவில்லை, நேயர்கள் பொறுத்தருள்க.)

ஒரு மன்னன் தூக்கிக்கொண்டுபோன பிள்ளை, இப்போது ஒரு மன்னப் பிள்ளையைத் தூக்குகிறது. இது அழகுக்காகக் கவிஞன் பொருத்தியதாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்து அவர் செய்தவை ஆவணத்தில் உள்ளவை. பாப்பரசர் செல்லாதென்று அறிவித்திருந்த சாசனத்தை, அதே நவம்பரில் சில திருத்தங்களுடன் மீண்டும் வெளியிட்டார். சிறுவனிடம் அரச முத்திரை இல்லாமையால் தம் முத்திரையையும் பாப்பரசரின் பிரதிநிதியுடைய முத்திரையையும் பதித்தார். கிளர்ச்சிக்காரரின் காரணத்தையே கையிலெடுத்துக் கிளர்ச்சியின் வேரை அறுத்த செயல் இது. மறுவருடம் மூன்றாம் முறையும் வெளியிட்டபோது, வனங்கள் பற்றிய தனிச் சாசனத்திலிருந்து வேறுபடுத்தவே அதற்குப் 'பெரிய சாசனம்' என்ற பெயர் வந்தது. ஜோன் ஒப்பிய சாசனம் சில வாரங்களில் செத்தது. உயிர்த்தெழுப்பியவர் மார்ஷல். இதையும் காவியம் கண்டுகொள்ளவில்லை. குதிரையும் வாளும் கண்ணுக்குத் தெரிந்த அளவு, முத்திரை அதற்குத் தெரியவில்லை.

1217 மே 20, லிங்கன் நகரப் போர். தலைக்கவசம் அணியாமலே பாயப் புறப்பட்ட கிழவரை ஒரு பையன் தடுத்து நினைவூட்டினான். மகன் வில்லியம் அதற்குள் தந்தையின் பக்கம் திரும்பிவிட்டிருந்தார். இருவரும் சேர்ந்தே போரிட்டனர். ஓகஸ்டில் பிரெஞ்சுக் கப்பற்படையும் தோற்றது. லூயிக்கு 10,000 மார்க் கொடுத்து ஊருக்கு அனுப்பிவைத்தார்.

1219 வசந்தத்தில் நோய் முற்றியது. தேம்ஸ் நதியில் படகேற்றிக் கவர்ஷம் என்ற தம் இல்லத்துக்குக் கொண்டுவந்தனர். அங்கே கழிந்த கடைசி வாரங்களைக் காவியம் விரிப்பதற்கு ஈடான மரணப் படுக்கை வருணனையை அக்கால இலக்கியத்தில் நான் படித்ததில்லை. மாற்றாரிடம் கைப்பற்றியதையெல்லாம் திருப்பிக் கொடுத்தாலன்றி மோட்சமில்லை என்று மதகுருமார் கூறியபோது, தாம் பிடித்த வீரர் ஐந்நூறு பேர், அவர்களுடைய குதிரையையும் கவசத்தையும் இனி எங்கே போய்த் தேடுவது, குருமார் எங்களை மிகவும் ஒட்டச் சிரைக்கிறார்கள் என்று சலித்துக்கொள்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு முன் புனித பூமியிலிருந்து தம் சவத்தின்மேல் போர்த்தவென்று கொண்டுவந்து, எவருக்கும் காட்டாமல் வைத்திருந்த பட்டுகளை வெளியே எடுக்கச் சொல்கிறார். டெம்பிள் துறவு வீரர் சபையில் சேருமுன் மனைவியை அழைத்துக் கடைசியாக முத்தமிடச் சொல்கிறார். இருவரும் அழுகிறார்கள்.

ஒருநாள் அவருக்குப் பாடவேண்டும் போலிருந்தது. பைத்தியம் என்பார்களே என்று தயங்கினார். பெண்மக்களை அழைப்போம் என்றார்கள். மூத்தவள் மஹெல்ட், துயரத்தை அடக்கிக்கொண்டு நன்றாகவே பாடினாள். அடுத்து ஜோவான் பாடினாள். வெட்கத்தால் குரல் எழவில்லை. சாகக்கிடந்த தந்தை, வெட்கப்பட்டால் பாட்டு வராது என்று சொல்லி, எப்படிப் பாடவேண்டும் என்று காட்டிக்கொடுத்தாராம்.

உயிலில் கடைக்குட்டி அன்செலுக்கு நிலம் எதுவும் வைக்கவில்லை. தாம் வெறுங்கையோடு புறப்பட்டதுபோல் அவனும் தன் கையால் தேடிக்கொள்ளட்டும் என்பது எண்ணம். ஏர்லி ஊர் ஜோன் குறுக்கிட்டு, குதிரைக்கு லாடம் அடிக்கவாவது ஏதேனும் கொடுங்கள் என்று வாதாடிய பிறகே சிறிதளவு கொடுத்தார். 1219 மே 14இல் காலமானார். இலண்டன் டெம்பிள் தேவாலயத்தில் அடக்கம்.

வில்லியம், றிச்சார்ட், கில்பர்ட், வோல்டர், அன்செல். ஐந்து ஆண்மக்கள். வம்சம் தழைக்கும் என்று யார்தான் நம்பமாட்டார்? மூத்தவர் மன்னனின் தங்கையையே மணந்து 1231இல் பிள்ளையின்றி இறந்தார். றிச்சார்ட் மன்னனோடு பகைத்து 1234இல் அயர்லாந்தில் போர்க்காயத்தால் மாண்டார். கில்பர்ட் குருவாகப் படித்தவர். தந்தைக்குப் பெயர் தந்த அதே போட்டிப் போரில் தாமும் திறமை காட்ட எண்ணி, 1241இல் கடிவாளம் அறுந்து குதிரையிலிருந்து விழுந்தார். வோல்டர் 1245 நவம்பரில். லாடத்துக்குக் காசு கேட்கப்பட்ட அன்செல் ஒரே மாதத்துக்குப் பெரும் செல்வத்தின் வாரிசாகி, பட்டம் ஏற்குமுன்னரே டிசம்பரில் இறந்தார். தந்தை இறந்து இருபத்தாறு ஆண்டுகள். ஐவருள் எவருக்கும் முறைப்படியான ஒரு பிள்ளை இல்லை.

இதற்குச் சென்ற் ஓல்பன்ஸ் மடத்துத் துறவியும் வரலாற்றாசிரியருமான மத்தேயு பாரிஸ் ஒரு காரணம் சொன்னார். அயர்லாந்தில் ஃபேர்ன்ஸ் ஆயரின் இரு நிலங்களை மார்ஷல் பறித்துக்கொண்டாராம். இளம் மன்னன் முன்னிலையில் ஆயர் கல்லறையருகே நின்று, நிலத்தைத் திருப்பினால் பாவம் நீக்குவேன் என்றார். மக்கள் மறுத்தனர். ஒரே தலைமுறையில் பெயர் அழிக என்று ஆயர் சபித்தார். கதை அழகானது. ஆனால் ஐவரும் செத்து முடிந்தபின் எழுதிய சாபம் பலிக்காமல் என்ன செய்யும்? நில வழக்கு உண்மையாயிருக்கலாம். அதைப் பற்றியும் மகன் செலவில் எழுந்த காவியம் மூச்சுவிடவில்லை.

அந்தக் காவியத்தை மூத்தவர் இயற்றுவித்தார். நினைவுகளைத் தந்து உதவியவர்களுள் முதன்மையானவர் ஏர்லி ஊர் ஜோன். பாடியவனும் ஒரு ஜோன்தான். பிரெஞ்சு மொழியில், ஈரடிக்கு ஈரடி எதுகையாக அமைந்து, 1226க்குச் சற்றுப் பின் முடிந்தது. அரசரல்லாத இல்லறத்தார் ஒருவரைப் பற்றி ஐரோப்பியப் பேச்சுமொழியொன்றில் எழுதப்பட்டு இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய வாழ்க்கை வரலாறு இதுவே என்பர். படிக்கவேண்டிய ஐந்து மைந்தரும் போனபின் அதைப் படிக்க யாரிருந்தார்? ஒரேயொரு பிரதிதான் தப்பியது.

1861இல் இலண்டன் சொதபி நிறுவனத்தில் ஒரு பழைய நூற்றொகுதி ஏலத்துக்கு வந்தது. பிரான்சிலிருந்து வந்திருந்த போல் மேயர் என்ற இளைஞர், வயது இருபத்தொன்று, நோர்மன் பிரெஞ்சில் ஏதோ சரித்திரம் என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்த ஒரு தோல் ஏட்டைச் சிறிது நேரம் புரட்டிப் பார்த்தார். எங்கும் கேள்விப்படாத காவியம் என்று புரிந்தது. ஆனால் ஏலத்தில் அதை எடுத்தவர் சேர் தோமஸ் பிலிப்ஸ் என்ற, சுவடி சேர்ப்பதில் பித்துக்கொண்ட கனவான். ஏடு அவருடைய மலைபோன்ற குவியலுக்குள் போய் மறைந்தது. மேயர் இருபது ஆண்டு தேடினார். பிலிப்ஸ் இறந்தார். 1881இல், செல்ற்னம் நகரில் அவர் வாரிசுகளின் வீட்டில், மேயர் அதனை மீண்டும் கையிலெடுத்தார். 1891 முதல் 1901 வரை மூன்று பாகங்களாக அச்சேற்றினார். இன்று அந்த ஏடு நியூயோர்க்கில் மோர்கன் நூலகத்தில் உள்ளது.

டெம்பிள் தேவாலயத்தில் மார்ஷலுடையது என்று மரபாகக் காட்டப்படும் கற்சிலை 1941 மே மாதக் குண்டுவீச்சில் சிதைந்து, பின்னர் ஒட்டிச் சீர்செய்யப்பட்டது. மூக்கும் முகமும் தேய்ந்த அந்தக் கல்லைப் பார்த்து அவர் எப்படிப்பட்டவர் என்று எவரும் சொல்லிவிட முடியாது.

வம்சமோ, பெண்மக்கள் வழியே கிளைத்தது. மஹெல்டுக்கு மார்ஷல் பதவிக்கோல் வந்தது. பிறகு பல குடும்பங்கள் கைமாறி, இன்று நோபோக் கோமகன்மாரிடம் இருக்கிறது. 2023இல் மூன்றாம் சாள்ஸ் மன்னரின் முடிசூட்டு விழாவை நடத்திக்கொடுத்தவர், அப்பதவியின் பெயரால் அக்கோமகனே. ஸ்கொட்லாந்தின் விடுதலை மன்னன் றொபேட் புரூஸ், இசபெல் என்ற மகளுடைய மகளின் பேரன். ஈவாவை மணந்தவர் பட்டினி கிடந்து மாண்ட அந்த மட்டில்டாவின் பேரன். அவர்களுடைய வழியில் வந்தவனே அஜின்கோர்ட் போரை வென்ற ஐந்தாம் ஹென்றி. ஷேக்ஸ்பியர் தனி நாடகமே எழுதிப் புகழ்ந்த மன்னன். தான் பழிசுமத்திய பெம்புரோக்கின் இரத்தம் அவனிடம் ஓடியதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை.

பெம்புரோக் மட்டும் மிஞ்சுகிறது. கோட்டையும் அதன் நிலமும் பங்கீட்டில் ஒரு பேத்திக்குப் போய்ச்சேர்ந்தன. அவள் தாய், கவர்ஷத்தில் அந்தப் படுக்கையருகே வெட்கத்தால் குரல் எழாமற் பாடிய ஜோவான்.